கேட்பவருக்குத் தெரிந்த விடை

1904-ஆம் ஆண்டுக் கோடையில், பெர்லின் நகரின் வடபகுதியில், உயர்ந்த குடியிருப்புகள் சூழ்ந்த ஒரு கல் பாவிய முற்றத்தில் தினமும் நடுப்பகலில் கூட்டம் கூடியது. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த முதியவர் ஒருவரும், அவருக்கு இடப்பக்கத்தில் ஒரு குதிரையும் நிற்பார்கள். முதியவர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். குதிரையின் பெயர் ஹான்ஸ். “ஐந்தில் இரண்டையும் அரையையும் கூட்டினால் எவ்வளவு?” என்று அவர் கேட்பார். ஹான்ஸ் வலது முன்னங்காலால் தரையை ஒன்பது முறை தட்டும். சற்று நிறுத்திப் பிறகு பத்து முறை தட்டும். பத்தில் ஒன்பது என்பது சரியான விடை. நாள்காட்டி, கடிகாரம், நாணயங்கள், இசைச் சுரங்கள் எல்லாவற்றிலும் அதற்குத் தேர்ச்சி உண்டு என்றார்கள். ஜெர்மன் எழுத்துகளை எண்களாக்கிய அட்டவணை ஒன்று இருந்தது. அதைக் கொண்டு, பார்க்க வந்தவர்களின் பெயரைக்கூட ஹான்ஸ் தட்டிக் காட்டியது.

உளவியல் பாடநூல்களில் ஆய்வு முறைகள் பற்றிய அத்தியாயம் தொடக்கத்திலேயே வந்துவிடும். கருதுகோள், சாரா மாறி, சார்ந்த மாறி, கட்டுப்பாட்டுக் குழு, இரட்டை மறைப்புச் சோதனை என்று வரையறைகள் வரிசைகட்டி நிற்கும். மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு, ஃப்ராய்டும் கனவும் வரும் பக்கங்களுக்கு ஆவலோடு தாவிவிடுவார்கள். அந்த வரையறைகள் ஒவ்வொன்றும் யாரோ ஒரு நல்ல மனிதர் உண்மையிலேயே ஏமாந்துபோன இடத்தில் பிறந்தது என்பதைச் சொல்லிக்கொடுத்தால் அந்த அத்தியாயத்தை யாரும் தாண்டிப் போகமாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஹான்ஸின் கதை அதற்கு மிகப் பொருத்தமான தொடக்கம்.

ஃபான் ஓஸ்டன் மோசடிக்காரர் இல்லை. விலங்குகளுக்கும் மனிதனைப் போலச் சிந்திக்கும் ஆற்றல் உண்டு, முறையான கல்வி கிடைக்காததுதான் அவற்றின் குறை என்பது அவருடைய உறுதியான எண்ணம். பள்ளிப் பிள்ளைக்குக் கற்பிப்பது போலவே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் குதிரைக்குப் பாடம் நடத்தினார். மரக்கட்டைகளை அடுக்கி எண்ணக் கற்றுக்கொடுத்தார், பிறகு மணிச்சட்டம், பிறகு கரும்பலகை. சரியான விடைக்கு ஒரு துண்டு ரொட்டியோ கேரட்டோ கிடைக்கும். இதில் அவர் ஒரு காசும் சம்பாதிக்கவில்லை. அரசே முன்வந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவரும் அவர்தான்.

சோதனைக்குப் பதின்மூன்று பேர் கூடினார்கள். பெர்லின் பல்கலைக்கழக உளவியல் நிறுவனத்தின் தலைவர் கார்ல் ஷ்டூம்ப், விலங்குக்காட்சிச் சாலையின் இயக்குநர், சர்க்கஸ் முதலாளி, கால்நடை மருத்துவர், குதிரைப்படை அதிகாரி, பள்ளி ஆசிரியர்கள் எனப் பலதுறைக்காரர்கள் அதில் இருந்தார்கள். விலங்குகளைப் பழக்கும் தந்திரங்களைக் கரைத்துக் குடித்தவர் சர்க்கஸ் முதலாளி. அவர் கண்ணுக்கே எந்தச் சைகையும் தென்படவில்லை. ஃபான் ஓஸ்டன் அருகில் இல்லாதபோதும், வேறு ஆள் கேட்டாலும் ஹான்ஸ் சரியாகப் பதில் சொன்னது. செப்டம்பர் 12 அன்று குழு கையெழுத்திட்ட அறிக்கை, இதில் வேண்டுமென்று செய்யும் தந்திரமோ, இதுவரை அறியப்பட்ட சைகைகளோ இல்லை என்றது. குதிரை சிந்திக்கிறது என்று குழுவே ஒப்புக்கொண்டதாகப் பத்திரிகைகள் எழுதின.

குழு தவறாகப் பார்க்கவில்லை, கேள்வியைத்தான் குறுக்கிக்கொண்டது. ஏமாற்று உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டால், இல்லை என்ற விடைக்குப் பிறகு மிஞ்சுவது குதிரையின் அறிவு ஒன்றுதான். ஏமாற்றும் இல்லாமல், அறிவும் இல்லாமல், மூன்றாவதாக ஏதேனும் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. கேட்பவரின் நேர்மையை அளந்து பார்த்து, அதையே குதிரையின் அறிவுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். இன்றும் ஒரு சிகிச்சையையோ பயிற்சியையோ பற்றிப் பேசும்போது, “அவர் பணத்துக்காகச் செய்பவர் இல்லை, பொய் சொல்ல மாட்டார்” என்று நாம் சொல்வது இதே வழியில்தான்.

ஷ்டூம்புக்கு மனம் ஆறவில்லை. தன் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்டிடம் வேலையை ஒப்படைத்தார். ஃபுங்ஸ்ட் முற்றத்தில் ஒரு கூடாரம் போட்டு, வேடிக்கை பார்ப்பவர்களை வெளியே நிறுத்தினார். பிறகு அவர் செய்த காரியம் பார்ப்பதற்கு மிக எளியது. எண் எழுதிய அட்டைகளைக் குதிரைக்குக் காட்டினார். சில முறை கேள்வி கேட்பவருக்கு அட்டையில் உள்ள எண் தெரியும், சில முறை தெரியாது. குதிரை, அட்டை, முற்றம், கேள்வி எதுவும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று, கேட்பவருக்கு விடை தெரியுமா என்பது. தெரிந்தபோது நூற்றுக்கு 98 விடைகள் சரியாக இருந்தன. தெரியாதபோது நூற்றுக்கு 8.

சாரா மாறி, சார்ந்த மாறி என்று பாடநூல் சொல்வது இதைத்தான். ஆய்வாளர் தன் கையால் மாற்றுவது ஒன்று. அந்த மாற்றத்தால் எது மாறுகிறது என்று அளப்பது இன்னொன்று. மற்ற எல்லாவற்றையும் அசையாமல் பிடித்து வைப்பதுதான் கட்டுப்பாடு. அந்த முற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் கண் கொட்டாமல் பார்த்திருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் பேர் பார்த்தாலும் கிடைக்காத ஒன்றை, ஒரு நிபந்தனையை மாற்றிய சில டஜன் அட்டைகள் கொடுத்துவிட்டன.

கூட்டல் கணக்கிலும் அப்படியே. ஒருவர் குதிரையின் காதில் ஓர் எண்ணைச் சொல்வார், இன்னொருவர் வேறோர் எண்ணைச் சொல்வார். கூட்டுத்தொகை இருவருக்குமே தெரியாது. ஹான்ஸுக்கும் தெரியவில்லை. இந்தத் தோல்விகளைப் பார்த்த ஃபான் ஓஸ்டன் முதலில் திகைத்தார், பிறகு குதிரையின் மேல் கோபம் கொண்டார். தன் மாணவன் சொல்வதைக் கேட்கவில்லை என்ற ஆசிரியரின் கோபம் அது.

கேட்பவருக்குத் தெரிவது குதிரைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? ஃபுங்ஸ்ட் குதிரையின் கண்களுக்குப் பக்கவாட்டில் பெரிய பட்டைகளைக் கட்டினார். கேட்பவரைப் பார்க்க முடியாதபோது விடைகள் ஏறக்குறைய எல்லாமே தவறின. ஹான்ஸ் தலையைத் திருகிக் கயிற்றை இழுத்து, எப்படியாவது அவரைப் பார்த்துவிட முயன்றது. ஆக, வழி காது இல்லை, கண். இதற்குப் பிறகு ஃபுங்ஸ்ட் குதிரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்பவரைப் பார்க்கத் தொடங்கினார். கதையின் திருப்பம் இங்கேதான் என்பேன். கேள்வி கேட்டு முடித்ததும் எல்லோரும், குதிரையின் காலைப் பார்ப்பதற்காக, தம்மை அறியாமல் சற்றே குனிந்தார்கள். உடனே குதிரை தட்டத் தொடங்கியது. சரியான எண் வந்ததும் எதிர்பார்ப்பின் இறுக்கம் தளர்ந்து தலை லேசாக மேலே எழுந்தது. அந்த அசைவு ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். முதியவரின் அகன்ற தொப்பி விளிம்பு அதைக் குதிரைக்கு இன்னும் தெளிவாகக் காட்டியது. தலை எழுந்ததும் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்திவிடும்.

கண்டுபிடித்ததோடு ஃபுங்ஸ்ட் நிற்கவில்லை. கேள்வியே கேட்காமல் குனிந்து பார்த்தார், ஹான்ஸ் தட்டத் தொடங்கியது. எந்த எண்ணில் வேண்டுமோ அங்கே தலையைத் தூக்கினார், குதிரை அந்த எண்ணில் நின்றது. இரண்டு நிகழ்வுகள் சேர்ந்தே வருகின்றன என்பதற்கும், ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு என் வாசிப்பில் அகப்படவில்லை.

அடுத்து அவர் ஆய்வுக்கூடத்தில் தானே குதிரையானார். இருபத்தைந்து பேரை ஒவ்வொருவராக அழைத்து, ஓர் எண்ணை மனத்தில் நினைக்கச் சொல்லி, வலக்கையால் மேசையைத் தட்டியபடி அவர்கள் தலையை மட்டும் கவனித்தார். இருவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் அதே அசைவு இருந்தது. தாம் அசைந்தது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ரகசியம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையை எளிதில் கட்டுப்படுத்த முடியவில்லை. இந்தக் கடைசிச் செய்தியைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன, அல்லது விட்டேவிடுகின்றன. எனக்கு இதுதான் முழுக் கதையிலும் முக்கியமானது. விஷயம் தெரிந்திருப்பதும் கவனமாக இருப்பதும் நம்மைக் காப்பாற்றுவதில்லை. விடை தெரியாதவரைக் கேட்கவைப்பது காப்பாற்றுகிறது.

ஃபுங்ஸ்டின் நூல் 1907-இல் வந்தது. ஃபான் ஓஸ்டன் கடைசிவரை அதை ஏற்கவில்லை, 1909-இல் இறந்தார். ஹான்ஸ் எல்பர்ஃபெல்டைச் சேர்ந்த கார்ல் க்ரால் என்ற நகை வணிகரிடம் போயிற்று. அவர் வேறு குதிரைகளையும் சேர்த்துக்கொண்டு அதே பாடத்தை மறுபடி தொடங்கினார்.

அறியாமையைக் கருவியாக்கும் எண்ணம் ஃபுங்ஸ்டோடு பிறந்ததல்ல. 1784-இல் பாரிஸில், மருத்துவர் மெஸ்மர் நோய் தீர்க்கும் என்று சொன்ன “விலங்குக் காந்தம்” உண்மையா என்று அறிய பதினாறாம் லூயி மன்னர் ஒரு குழு அமைத்தார். பெஞ்சமின் ஃப்ராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியரும் அதில் இருந்தார்கள். பாசியில் ஃப்ராங்க்ளினின் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்குக் காந்தமேற்றி, பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் கண்ணைக் கட்டி அழைத்துப்போனார்கள். காந்தமேறாத நான்காவது மரத்தடியிலேயே அவன் மயங்கி விழுந்தான். நூறாண்டு கழித்து, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் பியர்ஸும் ஜோசப் ஜாஸ்ட்ரோவும் எடை வேறுபாட்டை உணரும் திறனைச் சோதித்தபோது, எந்த எடையை முதலில் வைப்பது என்பதைச் சீட்டுக்கட்டைக் கலைத்து முடிவு செய்தார்கள். தேர்வை மனிதர் கையிலிருந்து பிடுங்கிச் சீட்டிடம் கொடுத்தது அந்தச் சோதனை. சமவாய்ப்பு முறை உளவியலுக்குள் நுழைந்த தொடக்க காலத் தடம் இது.

இருந்தும், ஆய்வுக்கூடத்துக்குள் ஃபான் ஓஸ்டன்கள் இருக்கக்கூடும் என்று உளவியலாளர்கள் நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்தவர் ராபர்ட் ரோசன்தால். லாஸ் ஏஞ்சலிஸில் முனைவர் பட்ட ஆய்வை 1956-இல் முடித்தவர், தன் எண்களைக் கூடுதலாக அலசியபோது ஒரு விபரீதத்தைக் கண்டார். சோதனை தொடங்கும் முன்பே அவருடைய குழுக்கள் தம்முள் வேறுபட்டிருந்தன, அதுவும் அவருடைய கருதுகோளுக்குச் சாதகமான திசையில். குழுக்களைச் சந்தித்ததும் அளந்ததும் அவரே. மற்றொருவர் இதைப் பின்னிணைப்பில் புதைத்திருப்பார். அவர் அதையே வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டார்.

1963-இல் ரோசன்தாலும் கெர்மிட் ஃபோடும் வெளியிட்ட எலிச் சோதனை அதன் பயன். பன்னிரண்டு மாணவர்களிடம் தலைக்கு ஐந்து எலிகள் தரப்பட்டன. ஆறு பேரிடம், இவை புதிர்ப்பாதையைச் சட்டென்று கற்கும் எலிகளின் வம்சம் என்று சொன்னார்கள். மற்ற ஆறு பேரிடம், இவை மந்த வம்சம் என்றார்கள். உண்மையில் எல்லாம் ஒரே வகைச் சாதாரண எலிகள், பெயர் மட்டும் குலுக்கல் முறையில் ஒட்டப்பட்டது. இரண்டு கிளையாகப் பிரியும் பாதையில் கருமையான கிளைக்குப் போனால் உணவு. ஐந்து நாள், நாளொன்றுக்குப் பத்து ஓட்டம். “புத்திசாலி” எலிகள் ஒவ்வொரு நாளும் முந்தின. “மந்த” எலிகள் நூற்றுக்கு 29 முறை இருந்த இடத்தைவிட்டு நகரவே மறுத்தன, மற்றவை 11 முறை மட்டுமே. எண்களை யாரும் திருத்தியதாகத் தெரியவில்லை. நல்ல எலி என்று நம்பியவர்கள் அதைக் கையில் எடுத்துத் தடவிக்கொடுத்தார்கள், மென்மையாகப் பிடித்தார்கள், அதனிடம் பிரியமாக இருந்ததாக அவர்களே கேள்வித்தாளில் எழுதினார்கள். பயம் தெளிந்த எலி ஓடிற்று. ஆக, எதிர்பார்ப்பு ஆய்வாளரின் கண்ணை மட்டும் மயக்குவதில்லை, எதிரில் இருக்கும் உயிரையே மாற்றிவிடுகிறது. குதிரைக் கதையிலிருந்து இது ஒரு படி மேல்.

எலிகளிடமே இப்படி என்றால், குழந்தைகளிடம்? கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில், அதன் தலைமையாசிரியை லெனோர் ஜேகப்சனோடு சேர்ந்து ரோசன்தால் இதைச் சோதித்தார். 1968-இல் வந்த அவர்களுடைய நூல் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இன்றும் பேசப்படுவது. மாணவர்கள் எல்லோருக்கும் ஒரு தேர்வு வைத்து, அடுத்த ஆண்டு “மலரப் போகிறவர்கள்” என்று ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகளின் பெயரை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். பெயர்கள் குலுக்கலில் எடுத்தவை. ஆண்டு முடிவில், முதல் வகுப்பில் பெயர் குறிக்கப்பட்ட குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 27.4 புள்ளி ஏறியிருந்தது, மற்றவர்களுக்கு 12 புள்ளி.

இந்தக் கதை இந்த இடத்தோடு நின்றுவிடுவதாகவே பெரும்பாலோர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆசிரியரின் நம்பிக்கை குழந்தையின் அறிவை உயர்த்தும் என்பது கேட்க இனிமையானது, ஏழைக் குழந்தைகளின் கல்வியில் அக்கறை உள்ள எவரும் நம்ப விரும்புவது. அதனாலேயே கவனம் தேவை. இரண்டாம் வகுப்புக்கு மேல் அந்தப் பெரிய ஏற்றம் காணப்படவில்லை. ராபர்ட் தார்ண்டைக் என்ற அளவியல் அறிஞர் அதே ஆண்டிலேயே நூலைக் கடுமையாக விமர்சித்தார். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு அந்தத் தேர்வு பொருந்தாது, சில வகுப்புகளின் தொடக்க மதிப்பெண்கள் நம்பவே முடியாத அளவுக்குத் தாழ்ந்திருக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். குலுக்கல் முறை சரியாக இருந்தது, ஆசிரியர்களுக்கு உண்மை தெரியாமல் இருந்தது, அளவுகோல்தான் கோணியிருந்தது. ஓர் ஆய்வில் பாதி சரியாக இருந்தால் முடிவும் பாதி சரியாக இருக்கும் என்பதில்லை.

1984-இல் ஸ்டீபன் ராடன்புஷ் அதுவரை நடந்த பதினெட்டுச் சோதனைகளை ஒன்றுசேர்த்து அலசினார். குழந்தையை ஆசிரியர் முன்பே சில வாரங்கள் அறிந்திருந்தால், பொய்யாகத் தந்த பட்டியலால் ஏறத்தாழ எந்த விளைவும் இல்லை. புதிதாகச் சந்திக்கும் முதல் நாள்களில் தந்தால் மட்டும் சிறிய விளைவு தெரிந்தது. எனக்கு இந்த முடிவு முதல் கதையைவிடப் பயனுள்ளதாகப் படுகிறது. ஆசிரியர்கள் யாரோ கொடுத்த பட்டியலைவிடத் தம் கண்ணால் கண்டதையே நம்புகிறார்கள் என்பது நல்ல செய்தி. ஜூன் மாதத்து முதல் வாரத்தில், குழந்தை வாயைத் திறக்கும் முன்பே, அது எந்த வீட்டுப் பிள்ளை, அண்ணன் எப்படிப் படித்தான் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வது ஏன் ஆபத்தானது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

இதே எதிர்பார்ப்பு, அன்பின் மிகுதியால், பெரிய துயரத்தில் முடிந்ததும் உண்டு. பேச இயலாத ஆட்டிசக் குழந்தைகளின் கையையோ மணிக்கட்டையோ ஓர் உதவியாளர் தாங்கிப் பிடித்தால், அவர்கள் எழுத்துப் பலகையில் தம் எண்ணங்களைத் தட்டிக் காட்டுவார்கள் என்ற முறை ஆஸ்திரேலியாவில் தோன்றி, 1990-க்குப் பிறகு அமெரிக்காவில் காட்டுத்தீயாய்ப் பரவியது. ஒரு சொல்லும் பேசாத பிள்ளை திடீரென்று “அம்மா, உன்னை எனக்குப் பிடிக்கும்” என்பது போன்ற வாக்கியங்களை எழுதினால் எந்தத் தாய் நம்பாமல் இருப்பாள்? பிறகு வேறு வகை வாக்கியங்களும் வரத் தொடங்கின. பெற்றோர் தம்மிடம் தகாத முறையில் நடந்ததாகப் பலகையில் குற்றச்சாட்டுகள் எழுந்தன. குழந்தைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டார்கள், வழக்குகள் நடந்தன.

1993-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ள பன்னிரண்டு பேரையும் அவர்களுடைய உதவியாளர்களையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, நடுவில் தடுப்பு வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தத்தம் பக்கத்துப் படம் மட்டும் தெரியும். சில முறை ஒரே படம், சில முறை வெவ்வேறு படம். படங்கள் வேறாக இருந்தபோது, ஆட்டிசம் உள்ளவர் பார்த்த படத்தின் பெயர் ஒரு முறைகூட வரவில்லை. உதவியாளர் பார்த்த படத்தின் பெயர் வந்தது. ஃபுங்ஸ்டின் அட்டைகள் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி மேசைக்கு வந்திருந்தன. உதவியாளர்கள் உண்மையாகவே தம் கை நகர்த்துவதை உணரவில்லை. முடிவைப் பார்த்துப் பலர் நொறுங்கிப்போனார்கள். 1994-இல் அமெரிக்க உளவியல் சங்கம் இம்முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது. இந்தச் சோதனையை இரக்கமற்றது என்று அன்று கண்டித்தவர்கள் இருந்தார்கள். வாயில்லாத ஒருவருடைய பெயரில் இன்னொருவர் பேசிக்கொண்டிருப்பதைவிட இரக்கமற்றது எது? அந்தப் பன்னிரண்டு பேரின் பக்கம் உண்மையில் நின்றது அந்தத் தடுப்புதான்.

பாடநூல் எழுதும் உளவியலாளர்களுக்கே பாடம் வந்து சேர்ந்தது 2010-க்குப் பின்னர். 1996-இல் நியூயார்க்கில் ஜான் பார்கும் சகாக்களும் ஒரு புகழ்பெற்ற சோதனையை வெளியிட்டிருந்தார்கள். முதுமையை நினைவூட்டும் சொற்கள் கலந்த வாக்கியப் பயிற்சியைச் செய்த மாணவர்கள், அறையைவிட்டு வெளியேறும்போது நடைவழியை மற்றவர்களைவிட மெதுவாகக் கடந்தார்கள் என்பது முடிவு. 7.30 நொடிக்கு எதிராக 8.28 நொடி. ஒவ்வொரு சுற்றிலும் கலந்துகொண்டவர்கள் முப்பது பேர். சொற்கள் நம்மை அறியாமல் நம் உடலை ஆள்கின்றன என்பதற்குச் சான்றாக இது எங்கும் மேற்கோள் காட்டப்பட்டது.

பிரசல்ஸில் ஸ்டெஃபான் தோயென் குழு 2012-இல் இதை 120 பேரோடு திரும்பச் செய்தது. நேரத்தை ஆள் அளக்கவில்லை, அகச்சிவப்புக் கருவி அளந்தது. விளைவு எதுவும் தென்படவில்லை. இரண்டாவது சுற்றில் சோதனை நடத்துபவர்களின் எதிர்பார்ப்பையே மாற்றினார்கள். சிலரிடம், இந்தச் சொற்களைப் படித்தவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்றார்கள். வேறு சிலரிடம், வேகமாக நடப்பார்கள் என்றார்கள். மெதுவாக என்று நம்பியவர்கள் நடத்தியபோது மாணவர்கள் உண்மையாகவே மெதுவாக நடந்தார்கள், கருவியும் அதைப் பதிவு செய்தது. வேகமாக என்று நம்பியவர்கள் கையில் வைத்திருந்த நிறுத்துக் கடிகாரம் வேகத்தைக் காட்டியது, கருவி காட்டவில்லை. ஒரே கட்டுரைக்குள் ஹான்ஸும் இருக்கிறது, ரோசன்தாலின் எலிகளும் இருக்கின்றன.

எதிர்பார்ப்பு நுழைய எதிரில் ஓர் உயிர்கூடத் தேவையில்லை, எண்களின் பட்டியல் போதும். 2011-இல் ஜோசப் சிம்மன்ஸும் இரு சகாக்களும் இதைச் செய்தே காட்டினார்கள். எத்தனை பேரோடு நிறுத்துவது, எந்த அளவையைச் சொல்வது, எதை விடுவது என்பதை முடிவுகளைப் பார்த்துக்கொண்டே தீர்மானித்தால், ஒரு பீட்டில்ஸ் பாட்டைக் கேட்டவர்களின் வயது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு குறைந்தது என்றுகூடப் புள்ளியியல் விதிப்படி “நிரூபிக்க” முடிந்தது. 2015-இல் பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த பெருங்குழு, உளவியல் ஏடுகளில் வந்த நூறு ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. முதல் முறை நூற்றுக்கு 97 ஆய்வுகள் புள்ளியியல்படி உறுதியான முடிவு தந்திருந்தன, மறுமுறை 36 மட்டுமே தந்தன. சில மறுசோதனைகளும் குறையுடையவையாக இருக்கலாம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த இடைவெளி பெரியது. உளவியலே பொய் என்று இதைப் படிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. தன் வீட்டை இப்படித் தானே திறந்து காட்டிய துறைகள் அதிகம் இல்லை.

அதன் பிறகு பரவிய பழக்கம் முன்பதிவு. என்ன கருதுகோள், எத்தனை பேர், எப்படி அலசப் போகிறேன் என்பதைத் தரவு கைக்கு வரும் முன்பே பொதுவெளியில் எழுதி வைத்துவிடுவது. சில ஏடுகள் இந்தத் திட்டத்தை மட்டும் படித்துவிட்டு, முடிவு எதுவானாலும் வெளியிடுவதாக ஒப்புக்கொள்கின்றன. குதிரையின் முன் நிற்பவருக்கு எண் தெரியக்கூடாது என்றார் ஃபுங்ஸ்ட். அலசும் முறையைத் தீர்மானிப்பவருக்கு முடிவு தெரியக்கூடாது என்கிறது முன்பதிவு.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இந்த எதிர்பார்ப்பு எவ்வளவு கூர்மையாக வெட்டும் என்பதற்கு ஒரு சான்று. 2011-இல் கலிபோர்னியாவில் லிசா லிட் குழு, பதினெட்டு மோப்ப நாய்களையும் அவற்றின் பயிற்றுநர்களையும் ஒரு தேவாலயக் கட்டடத்தில் தேடவிட்டது. போதைப்பொருளோ வெடிமருந்தோ அங்கே துளியும் இல்லை. ஆனால் சில இடங்களில் சிவப்புத் தாள் இருந்தால் அங்கே பொருள் உண்டு என்று பயிற்றுநர்களிடம் சொல்லியிருந்தார்கள். 144 தேடல்களில் 21 மட்டுமே பிழையின்றி முடிந்தன. மொத்தம் 225 முறை நாய் கண்டுபிடித்துவிட்டதாகப் பதிவாயிற்று. பையைத் திறக்கச் சொல்வதும் கைது செய்வதும் அந்தக் கணத்தில் தொடங்குகிறது.

குற்றவாளியை அடையாளம் காட்டும் அணிவகுப்பிலும் இதே சிக்கல். சாட்சியின் பக்கத்தில் நிற்கும் அதிகாரிக்குச் சந்தேக நபர் யார் என்று தெரிந்தால், அவருடைய பார்வையும் மூச்சும் “அவசரமில்லை, இன்னொரு முறை பாருங்கள்” என்ற சொல்லும் சாட்சியிடம் பேசும். கேரி வெல்ஸ் போன்ற உளவியலாளர்கள் பல ஆண்டுகள் வற்புறுத்திய பிறகு, 2001-இல் நியூ ஜெர்சி மாநிலம், இயன்றவரை சந்தேக நபர் யார் என்று தெரியாத அதிகாரியே அதை நடத்த வேண்டும் என்று விதித்தது. 2014-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழக அறிக்கையும் அதையே பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டில் அடையாள அணிவகுப்பை நீதித்துறை நடுவர் நடத்துகிறார், புலனாய்வு செய்யும் காவலர்கள் அருகில் இருக்கக் கூடாது. இது நல்ல ஏற்பாடு, ஷ்டூம்பின் குழு தேடியது போன்ற வேண்டுமென்று செய்யும் தலையீட்டை இது தடுக்கும். ஆனால் வரிசையில் சந்தேக நபரை நிறுத்தி, எங்கே நிற்க விரும்புகிறாய் என்று அவரிடம் கேட்பவரும், பிறகு சாட்சியை அழைத்துக் காட்டச் சொல்பவரும் பொதுவாக ஒரே நடுவர்தான். வரிசையை ஒருவர் அமைத்துவிட்டு வெளியேறி, சந்தேக நபரை அறியாத இன்னொருவர் சாட்சியை உள்ளே அழைத்துவரலாம். இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம், கூடுதலாக ஓர் அலுவலர் அரை மணி நேரம் இருந்தால் போதும்.